சித்தி பேசாத கோடை

எங்கள் ஊரில் யாருக்கும் வீட்டு முகவரி கிடையாது. வீடு மூங்கில் கட்டின் மேல் மிதக்கிறது. தண்ணீர் ஏறினால் வீடு காட்டோரம் ஏறும், வடிந்தால் ஆற்று வழியே ஏரி வாய்க்கு இறங்கும். தேடி வருகிறவர்கள் அடையாளம் கேட்டுத்தான் வருவார்கள். பச்சை ஜன்னல் வீடு, முதலை வளர்க்கிற வீடு, எப்போதும் சண்டை போடுகிற வீடு என்று.

என் சித்தி கிம்லியாங்கின் கடைக்கு அடையாளம் சிவப்புப் படுதா. பட்டம்பாங் நகரத்தில் ஒரு கல்யாணப் பந்தல்காரன் தொழிலை விட்டபோது அவள் பேரம் பேசி வாங்கியது. கூரை முழுவதும் அதைப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தாள். தொன்லே சாப் ஏரியில் வலை போடுகிறவர்கள் அந்தச் சிவப்பை வைத்துத்தான் ஊர் எங்கே என்று பார்ப்பார்கள். பனி மூடிப் படுதா தெரியாத காலையிலும் கவலையில்லை, அவள் குரல் கேட்கும். "உப்பிருக்கு, பனவெல்லம் இருக்கு, பிரஹோக் இருக்கு, நேத்து கடன் சொன்னவனெல்லாம் இன்னிக்கு முகத்தைக் காட்டிட்டுப் போ" என்று அவள் பாடுகிற பாட்டு ஆற்றின் அடுத்த வளைவு வரை போகும். பிரஹோக் என்றால் எங்கள் மீன் ஊறல். அதன் வாசம் அவள் குரலுக்கும் முன்னால் போகும், அது வேறு விஷயம்.

மூன்றாவது அடையாளம், படுதாவின் மேல் நின்ற கவர்னர்.

கவர்னர் ஒரு மொட்டை நாரை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. தலையில் மயிர் இல்லை, கழுத்துக்குக் கீழே ஒரு பை தொங்கும், நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாலம் திறக்க வந்தவரைப் போல நடப்பார். எங்கள் மாகாணத்துக் கவர்னரை ஒரு முறை படகில் பார்த்த யாரோ வைத்த பெயர். வைத்த பிறகு மரியாதை இல்லாமல் பேச யாருக்கும் வாய் வரவில்லை. கவர்னர் சாப்பிட்டாரா, கவர்னர் கூரையை அசிங்கம் பண்ணிவிட்டாரே என்றுதான் ஊரே பேசும்.

அவர் வந்த கதை இது. அந்தக் காலத்தில் சித்தியின் கடையில் இரண்டு வகை முட்டை இருக்கும், வாத்து முட்டை, காட்டு முட்டை. காட்டு முட்டை சித்தப்பா சாரூன் கொண்டுவருவது. ஏரியோரத்து வெள்ளக் காட்டில் கூழைக்கடா, சங்குவளை நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் மரத்துக்கு மரம் கூடு கட்டும். சித்தப்பா இடுப்பில் கூடையோடு ஏறுவார், கூடை நிறைந்ததும் இறங்குவார். அவித்து உரித்து, எலுமிச்சை பிழிந்த மிளகுப்பொடியில் தொட்டுத் தின்றால் அந்த மஞ்சள் கரு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. மாங்காய் பறிப்பவன் மரத்திடம் கேட்டா பறிக்கிறான்?

ஆனால் மரம் வருடா வருடம் கூட்டைக் குறைத்துக்கொண்டே வந்தது. சாயங்காலம் காட்டுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த இரைச்சலும் குறைந்தது. சிறு வயதில் அந்த இரைச்சலில்தான் நான் தூங்குவேன், சந்தை கலைகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். கடைசியில் ஒரு நாள் சித்தப்பா காலிக் கூடையோடு வந்தார். படகின் அடியில் ஒரே ஒரு குஞ்சு, கோணிப்பையில். காற்றில் கூடு விழுந்து கிடந்ததாம்.

குஞ்சுக்கு விலை இருந்தது. பட்டம்பாங் வியாபாரி ஒருவன் அடுத்த நாளே வந்து கேட்டான். சித்தி வழக்கம்போல, "நீயே சொல்லு" என்றாள். அவன் சொன்னான். அவள் சிரித்தாள். எங்கள் வியாபாரத்தில் சிரித்தால் இன்னும் ஏற்று என்று அர்த்தம். அவன் ஏற்றினான், அவள் மறுபடியும் சிரித்தாள். அவன் கோபித்துக்கொண்டு போனான். அதற்குள் குஞ்சுக்குப் பசி வந்தது, மீன் தலை போட்டாள். அடுத்து வந்தவனுக்கும் அதே சிரிப்பு. ஒரு வருடம் போனபோது, அவள் விலைக்காகச் சிரிக்கவில்லை என்பது சித்தப்பாவைத் தவிர எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சித்தப்பா மட்டும், "நல்ல விலைக்குக் காத்திருக்கா" என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது மோட்டார் படகு வைத்துப் பட்டம்பாங்கிலிருந்து சரக்கு ஏற்றி வருவேன். ஊர் இடம் மாறும்போது வீடுகளைக் கட்டி இழுக்கிற வேலையும் எனக்குத்தான். வாரத்துக்கொரு முறை சித்தி கடையில் சாப்பாடு. நான் தட்டை எடுத்ததும் கவர்னர் கூரையிலிருந்து இறங்கி எதிரில் நின்று அலகைத் தட்டுவார். அவருக்குக் குரல் கிடையாது, டக டகவென்று மரச்சட்டம் அடிக்கிற சத்தம்தான். அதுதான் அவர் பசி, அதுதான் அவர் கோபம், நன்றியும் அதுவே. அந்தச் சத்தத்துக்குச் சித்தி உள்ளேயிருந்து, "வர்றேன் இரு, உனக்கென்ன ஆபீசுக்கு நேரமாச்சா" என்று பதில் சொல்லாத நாள் இல்லை.

பிறகு காட்டுக்குக் காவல் வந்தது. தலைநகரிலிருந்து மாலிஸ் என்ற பெண் வந்தாள். தொளதொளச் சட்டை, கழுத்தில் தூரக்கண்ணாடி, யார் எது கொடுத்தாலும் சாப்பிடுகிற வயிறு. மிச்சமிருக்கிற கூடுகளைக் காக்க ஆள் வேண்டும் என்றாள். மரமேறத் தெரிந்தவர்கள் வேண்டும் என்றால் முட்டை எடுத்தவர்களைத்தானே கேட்க வேண்டும்? சித்தப்பா முதல் ஆளாகச் சேர்ந்தார். மர உச்சியில் பலகை அடித்து, மேலே கூரை போட்டு, அங்கேயே சோறாக்கிச் சாப்பிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் காவல் இருக்க வேண்டும். "ஏறுற மரம் அதேதான், இறங்குறப்போ கை காலி, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லிக்கொள்வார். ஆனால் அவர் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. மேலே உட்கார்ந்திருக்கும்போது கூழைக்கடா பக்கத்துக் கிளையில் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும்.

மாலிஸ் ஒரு நாள் கடைக்கு வந்தாள். படுதாவின் மேல் நின்றவரைப் பார்த்தாள். இந்த ஏரியில் மொட்டை நாரை விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கிறது, அதில் ஒன்று காவல்காரர் வீட்டுக் கூரையில் நின்றால் நாளைக்கு மற்றவர்களிடம் நான் எந்த வாயால் பேசுவது என்றாள். சட்டப்படி பறவையைத் தலைநகரில் இருக்கிற கூண்டுக்கு அனுப்ப வேண்டுமாம்.

சித்தி பனவெல்லத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"கூண்டு எவ்வளவு பெருசு?"

"பெருசுதான் அக்கா."

"இந்த ஏரி அளவுக்கு இருக்குமா?"

மாலிஸ் சிரித்துவிட்டாள். அங்கேதான் அவள் தோற்க ஆரம்பித்தாள். எங்கள் சித்தி எதிராளி சிரித்த பிறகு பேரத்தை விடமாட்டாள். கூண்டு வேண்டாம், காட்டிலேயே அதன் இனத்தோடு சேர்த்துவிடுகிறேன், அதற்கு ஒரு வருடம் கொடு என்றாள். மாலிஸ் ஒரு வாரம் என்றாள். ஒரு வாரத்தில் பிரஹோக்கே ஊறாது, பறவைக்கு எப்படி மனசு மாறும் என்றாள் சித்தி. இரண்டு பேரும் ஒரு பானை டீயைக் குடித்து முடித்தார்கள். கடைசியில், மழை வந்து காட்டுக்குள் தண்ணீர் ஏறும் வரை தவணை. அதற்குள் கவர்னர் தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் சுதந்திரம், இல்லையென்றால் கூண்டு. நடுவில் யாரும் அவருக்குச் சோறு போடக்கூடாது. அடையாளத்துக்குக் காலில் வளையம் மாட்ட வேண்டும் என்று மாலிஸ் சொன்னபோது சித்தி அதிலும் ஒரு பேரம் பேசினாள்.

"பச்சையெல்லாம் வேணாம். என் படுதா நிறத்துல போடு."

அப்படித்தான் கவர்னர் காலில் சிவப்பு வளையம் வந்தது.

முதல் முறை அவரைக் காட்டில் விட நான்தான் படகு ஓட்டினேன். வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையோரம் மூன்று மொட்டை நாரைகள் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தன. இவரை இறக்கிவிட்டோம். அவர் அவர்களைப் பார்த்தார், அவர்கள் இவரைப் பார்த்தார்கள், கல்யாண வீட்டில் யார் பக்கத்து ஆள் என்று தெரியாமல் நிற்கிற மாதிரி ஒரு நிற்பு. நாங்கள் சத்தமில்லாமல் திரும்பினோம். கடைக்கு வந்தபோது அவர் படுதாவின் மேல் நின்று எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்கிற பார்வை.

பக்கத்துப் படகில் பெட்ரோலும் ஐஸும் விற்கிற ஹெங் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டான். "உங்க மாப்பிள்ளை மாமியார் வீட்டை விட்டுப் போகமாட்டேங்கிறார் போல. சீர் குறைச்சலோ?" என்று கத்துவான். சித்தி விடுவாளா? "உன்னைவிட அவர் தேவலை, ஐஸ் கேட்டா தண்ணியைத் தர்றதில்லை" என்பாள். மறுபடியும் கொண்டுபோய் விட்டோம், மறுபடியும் திரும்பி வந்தார். சோறு போடக்கூடாது என்பதால் சித்தி மீன் கழுவும்போது கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கதவுக்கு வெளியே நின்று அலகைத் தட்டுவார். நான் சாப்பிடாமலே எழுந்து போன நாட்கள் உண்டு. ஆனாலும் பகலில் அவர் குட்டைப் பக்கம் போக ஆரம்பித்தார், தானே எதையோ பிடித்துத் தின்றார். ராத்திரிக்கு மட்டும் கூரை.

இதற்குள் தண்ணீர் வடிய, ஊர் இறங்குகிற காலம் வந்தது. அது எங்களுக்குத் திருவிழா மாதிரி. தண்ணீர்க் காவல் தெய்வத்துக்கு வாழைப்பழமும் ஊதுபத்தியும் வைத்துவிட்டுக் கட்டுக்கயிற்றை அவிழ்ப்போம். பூனை, கோழி, தொட்டிச் செடி, பள்ளிக்கூடம், பிக்குகள் இருக்கிற மடம் எல்லாம் வரிசையாக ஆற்றில் நகரும். அடுப்பை அணைக்கக்கூட மாட்டார்கள், கிளம்பும்போது வைத்த உலை போய்ச் சேரும்போது சோறாகியிருக்கும். முந்தைய வருடங்களில் அந்த நாளில் கவர்னரின் காலைக் கட்டி உள்ளே போடுவோம், புது இடத்திலும் சில நாள் கட்டி வைத்துத்தான் அவிழ்ப்போம். இந்த முறை சித்தப்பா மர உச்சியிலிருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பினார், கட்டாதே, அவர் இப்போது யாருடைய பறவையும் இல்லை என்று. சித்தியும் ஒத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய சிவப்புப் படுதா, வானத்திலிருந்து பார்த்தால் தெரியாதா என்றாள்.

அவர் குட்டைக்குப் போயிருந்த நேரத்தில் நாங்கள் கடையை இழுத்துக்கொண்டு ஏரி வாய்க்கு வந்துவிட்டோம்.

சாயங்காலம் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காட்டுக்கே போய்விட்டார் என்று ஊரே மெச்சியது, சித்தி ஒரு மாதிரி மெலிந்த குரலில் உப்பு விற்றாள். அப்புறம் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து வந்த வலைக்காரர்கள் சொன்னார்கள். பழைய இடத்தில் வீட்டைக் கட்டியிருந்த மூங்கில் கழி ஒன்று நடுத்தண்ணீரில் நிற்கிறதே, அதன் உச்சியில் கவர்னர் நிற்கிறார். காலையிலும் அங்கே, மாலையிலும் அங்கே. வெறும் தண்ணீரைப் பார்த்து அலகைத் தட்டுகிறார்.

எங்களுக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். எங்களுக்கு வீடு என்றால் வீடுதான், எங்கே போனாலும் அது கூட வரும். வீடு என்றால் ஒரு இடம் என்று நினைக்கிற உயிர் இந்த உலகத்தில் இருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. புது இடத்தில் காலைக் கட்டி வைத்த அந்தச் சில நாட்கள்தான் வருடா வருடம் அவருக்கு இடத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நாங்கள் அதை வெறும் கயிறு என்று நினைத்திருந்தோம்.

மாலிஸ் வந்து, இது நல்லதுக்குத்தான் அக்கா என்றாள். வீடு இல்லை என்று தெரிந்தால் பசி அவரைக் கூட்டத்துக்குள் தள்ளிவிடும், பக்கத்துக் குட்டையில் இப்போது பத்துப் பன்னிரண்டு மொட்டை நாரைகள் இறங்குகின்றன, கொஞ்ச நாள் பொறுங்கள் என்றாள். சித்தி சரி என்றாள். பொறுத்தும் பார்த்தாள். அந்த வாரம் நான் சாப்பிட வந்தபோது சோற்றில் உப்பு இல்லை. உப்புக்காரி வீட்டுச் சோற்றில் உப்பில்லையா என்று கேட்டேன். அவள் ஆற்றின் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுத்தி, எஞ்சின்ல எண்ணெய் இருக்கா?"

"எதுக்கு?"

"கடையை மேலே இழுக்கணும்."

தண்ணீர் வடிகிற காலத்தில் மேலே போகிற வீடு எங்கே இருக்கிறது என்றேன். ஆழம் போதாது, தரை தட்டும் என்றேன். மாலிஸுக்கு வாக்குக் கொடுத்ததை ஞாபகப்படுத்தினேன்.

"சோறு போடாதேன்னுதானே சொன்னா? வீட்டைக் கொண்டு போகாதேன்னு சொன்னாளா?"

பேரத்தில் பிறந்தவளோடு யார் வாதாடுவது? இழுத்தேன். ஊரே வாசலில் நின்று பார்த்தது. ஹெங் மட்டும், "அண்ணி, அங்க யாருக்கு உப்பு விப்பீங்க, ஆமைக்கா?" என்றான். எதிர்த் திசையில், தனியாக, சிவப்புப் படுதா போட்ட ஒரு கடை ஆற்றில் ஏறிப் போவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பழைய இடத்தை நெருங்குகையில் கழி காலியாக இருந்தது. கடையைக் கட்டி நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் கீழே மூங்கில் கரகரவென்று உரசியது. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மிதக்கும் கடைக்காரி தரை தட்டினாள் என்பது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய அவமானம் என்று தரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் படகால் இழுத்துப் பார்த்தேன், கயிறுதான் அறுந்தது. இனி மழை வந்து தூக்கினால்தான்.

அப்போது காட்டுப் பக்கமிருந்து சித்தப்பா சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார். மர உச்சியிலிருந்து சிவப்பு நகர்ந்து வருவதைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நேத்துதான்டி அவர் போனார்" என்றார். "நேத்து சாயங்காலம் கழியை விட்டு அவங்களோட மரத்துல போய் உட்கார்ந்தார். நான் கண்ணால பார்த்தேன். ராத்திரி அங்கதான் இருந்தார். இன்னிக்கு நீ வீட்டைக் கொண்டாந்து கண்ணுக்கு முன்னாடி நிறுத்தியிருக்க. திரும்பி வருவாரு. மழை வர்ற வரைக்கும் இந்தக் கூரைதான். அப்புறம் கூண்டுதான்."

சித்தி பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாதது அன்றைக்குத்தான் ஆரம்பம். ஏணியை எடுத்துப் போட்டு அவளே கூரையில் ஏறினாள். சேற்றில் சாய்ந்த வீட்டின் கூரையில் அவள் வழுக்கிவிடுவாளோ என்று நாங்கள் கீழே கை நீட்டிக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். இத்தனை வருடம் ஏரி முழுக்க அவளைத் தேடி வரச் செய்த படுதாவை உருட்டிக் கீழே தள்ளினாள். சாக்குகளைப் பிரித்துக் கூரையில் விரித்தாள், மேலே சேற்றை அள்ளிப் பூசினாள். பச்சைப் பெயர்ப்பலகையைத் திருப்பி மாட்டினாள். வெளியே அடுக்கியிருந்த டின்களை உள்ளே கொண்டுபோனாள். சாயங்காலத்துக்குள் அது யாருடைய வீடு என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் படுதாவை மாற்றலாம். குரலை என்ன செய்வது? கவர்னர் முட்டையிலிருந்து வந்த சில நாளிலிருந்து கேட்ட குரல். அதனால் சித்தி பேசுவதை நிறுத்தினாள்.

அந்தக் கோடை முழுவதும் அவள் வீட்டுக்கு வெளியே வாய் திறக்கவில்லை. உள்ளேயும் கிசுகிசுதான். உப்பிருக்கு, வெல்லமிருக்கு என்ற பாட்டு நின்றது. ஊரில் காலையில் கண் விழிக்கவே கஷ்டமாக இருந்ததாம். முதலில் யாரும் அங்கே வாங்க வரவில்லை. பிறகு குட்டைகளில் மீன் பிடிக்க வந்தவர்கள் சேற்றில் நடந்து வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம். சித்தி விரலால் விலை காட்டுவாள், அவர்கள் பாதி விரலை மடக்கிவிட்டுப் போவார்கள். எதிர்த்துப் பேச முடியாத கிம்லியாங்கிடம் வெல்லம் வாங்குவதற்கென்றே ஏரி வாயிலிருந்து படகு கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவள் கண்ணால் திட்டுவாள். அந்தத் திட்டு அவர்களுக்குப் போதவில்லை, ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்கள்.

கவர்னர் தினமும் மேலே பறந்தார். தனியாக இல்லை, இரண்டு மூன்று பேரோடு, மிக உயரத்தில் வட்டமடித்துக்கொண்டு. சிவப்பு வளையம் கண்ணுக்குத் தெரியாத உயரம். ஆனாலும் சித்தி சரியாக அவரை அடையாளம் காட்டுவாள். எப்படி என்று கேட்டால் பேசமாட்டாளே.

வருடப் பிறப்பு முடிந்து வெயில் கொளுத்திய ஒரு மதியம் நான் சரக்கோடு போயிருந்தேன். ஹெங்கும் ஐஸ் கொண்டுவந்திருந்தான். அவளைப் பேசவைத்துவிடுவது என்று பந்தயம் கட்டி வந்தவன் அவன். "அண்ணி, ஊர்ல எல்லாரும் இப்ப என்கிட்டதான் உப்பு வாங்குறாங்க, உங்க உப்பு கசக்குதாம்" என்று ஆரம்பித்தான். சித்தியின் உதடு துடித்தது. அவன் அடுத்ததை எடுப்பதற்குள் கூரைக்கு மேல் காற்று பெரிதாக வீசியது மாதிரி ஒரு சத்தம். பழைய மூங்கில் கழியின் மேல் கவர்னர் வந்து இறங்கினார்.

வாசலிலிருந்து கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. வளர்ந்திருந்தார். கழுத்துப் பை சிவந்திருந்தது, முதுகில் காட்டுச் சேறு. சாக்குக் கூரையைப் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு கண்ணால் பார்த்தார். அப்புறம் அலகைத் தட்டினார்.

சித்தி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். கையில் விரால் தலை. வருடக்கணக்காக அந்தச் சத்தத்துக்கு அவள் சொல்லி வந்த பதில் தொண்டை வரை வந்து நின்றதை நான் பார்த்தேன், கழுத்து நரம்பு புடைத்தது. அவர் மறுபடியும் தட்டினார். நான் ஹெங்கைப் பார்த்தேன். பந்தயம் ஜெயிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது, அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவன் கை அசையவில்லை.

மூன்றாவது முறை தட்டல் சின்னதாக இருந்தது. விலை கேட்டுவிட்டு, வேண்டாம் என்று நகருகிற வாடிக்கையாளர் மாதிரி, அவர் கழியிலிருந்து ஒரு அடி எடுத்து வைத்து, இறக்கையை விரித்து, குட்டைப் பக்கம் போனார். அங்கே வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தவர்களோடு ஏறினார். சித்தி விரால் தலையைக் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தாள். பிறகு சட்டியில் போட்டுப் புளி கரைத்து ஊற்றினாள். மூன்று பேரும் அதைத்தான் சாப்பிட்டோம். ஹெங் காசு கொடுக்காமல் ஐஸ் வைத்துவிட்டுப் போனான். அவன் வாழ்க்கையில் அது நடந்தது அந்த ஒரு முறைதான்.

மழை வந்தது. ஏரி பெருகி ஆற்றுக்குள் ஏற, காட்டு மரங்களின் காலில் தண்ணீர் நின்றது. ஒரு நாள் காலையில் வீடு முனகிக்கொண்டு நிமிர்ந்து, மிதந்தது. அன்றைக்கே மாலிஸ் வந்தாள், சரியாகத் தவணை நாளில். சித்தி வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதம் பூட்டியிருந்த குரல், கதவுக்கீல் மாதிரி கிறீச்சென்று வந்தது.

"கூண்டு கொண்டாந்தியா?"

"இல்ல அக்கா. அவங்க எல்லாரும் போன வாரமே வடக்கே கிளம்பிட்டாங்க. சிவப்பு வளையமும் கூடப் போச்சு."

"அப்போ எதுக்கு வந்த?"

மாலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உப்பு வாங்க."

சித்தி ஒரு விலை சொன்னாள். அந்த விலைக்குத் தலைநகரில் ஒரு மூட்டை உப்பு வாங்கலாம். மாலிஸ் அதிர்ந்துபோய்ப் பேரம் பேச ஆரம்பித்தாள். ஆற்றின் அடுத்த வளைவு வரை அந்தக் குரல் போனது. கோடை முழுக்க விரல் மடக்கி வெல்லம் வாங்கினவர்கள் எல்லாம் அன்றைக்குப் பயந்திருப்பார்கள்.

மழை மாதங்களில் மொட்டை நாரைகள் எங்கே போகின்றன என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. மாலிஸ் காவல் சாவடிச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தாள். வடக்கே, காட்டுச் சமவெளியில், எருமை படுத்து எழுந்த பள்ளங்களில் நிற்கிற மழைத் தண்ணீரில் சிவப்பு வளையத்தைப் பார்த்ததாக ஒருவர் போனில் சொன்னார். மாலிஸ் அங்கே ஒரு பொட்டு வைத்தாள். அங்கே என்ன கிடைக்கும் சாப்பிட என்று சித்தி கேட்டாள். தவளை என்றார்கள். "தவளையா" என்று அவள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

தண்ணீர் வடியத் தொடங்கியபோது அவர்கள் திரும்பி வந்தார்கள். அதே குட்டை, அதே மரம். பல வருடம் கழித்து சித்தப்பா பலகையில் உட்கார்ந்திருந்தபோது எதிர் மரத்தில் சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்த ஜோடியில் ஒருவர் காலில் நிறம் மங்கிய ஒரு வளையம். இறங்கி வந்து அதை ஊர் முழுக்கச் சொன்னார். முன்னே அவர் முட்டை எடுத்த மரம்தான் அது.

இப்போது நான் பட்டம்பாங்கில் கடை வைத்திருக்கிறேன், நகராத கடை, முகவரியோடு. போன தை மாதக் குளிரில் ஊருக்குப் போனேன். சித்தியின் கூரையில் நீலத் தகரம். சிவப்பைத் தேடி நான் அவள் கடையைத் தாண்டியே போய்விட்டேன், பின்னாலிருந்து, "ஏண்டா, கண்ணு அவிஞ்சு போச்சா" என்று அவள் கத்தியதும்தான் திரும்பினேன். சாயங்காலம் காட்டுப் பக்கமிருந்து அந்த இரைச்சல் வந்தது. நான் சிறு வயதில் தூங்கிய இரைச்சல் அளவுக்கு இல்லை, ஆனால் சந்தைதான். ஹெங் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. அவன் இருந்த இடத்தில் வேறு யாரோ ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அரிசி மூட்டைகளுக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இழுத்துப் பார்த்தேன், படுதா. மடிப்பில் வெளுத்து, எலி கடித்து, ஆனால் துணி இன்னும் உறுதி. என் கடை வாசலில் வெயிலுக்குக் கட்டலாமே என்று தோன்றியது.

"சித்தி, இது சும்மாதானே கிடக்கு. எனக்குக் கொடுத்துடேன். என்ன விலை?"

அவள் பனவெல்லம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு."

சொன்னேன். அவள் சிரித்தாள்.